விட்டுவிட்டு வரும் பவர் ஸ்டியரிங் கோளாறு: கண்டறிதலும் சரிசெய்தலும்

பவர் ஸ்டியரிங் என்பது வாகனத்தின் முன்சக்கரங்களைத் திருப்ப ஓட்டுநர் தரும் கைவிசையோடு, எண்ணெய் அழுத்தத்தாலோ மின் மோட்டாராலோ கூடுதல் விசையைச் சேர்த்துத் தரும் அமைப்பு ஆகும். தமிழில் இதைத் திறன் திசைமாற்றி என்றும் எழுதுவர். ஆனால் பட்டறையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால், இக்கட்டுரையில் பவர் ஸ்டியரிங் என்ற வழக்குச் சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

இந்த அமைப்பு முழுவதுமாக நின்றுபோனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமல்ல. பெல்ட் அறுந்திருக்கும், எண்ணெய் வடிந்திருக்கும், ஃபியூஸ் போயிருக்கும். தொல்லை தருவது விட்டுவிட்டு வரும் கோளாறுதான். காலையில் கல்லைப் போலக் கனக்கும் ஸ்டியரிங் பத்து நிமிடத்தில் இலகுவாகிவிடும். வளைவில் ஒரு நொடி இறுகி, மறு நொடி சரியாகிவிடும். மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் பல்வலி நின்றுவிடுவது போல, மெக்கானிக் கையில் வண்டி போனதும் கோளாறு மறைந்துவிடும். இதனால் இரண்டு வகைத் தீங்கு நேர்கிறது. ஒன்று, வளைவில் எதிர்பாராமல் ஸ்டியரிங் கனத்தால் விபத்து நேரக்கூடும். மற்றொன்று, சரியான காரணம் தெரியாமலேயே பம்ப், ரேக், ஸ்டியரிங் காலம் என்று விலை உயர்ந்த பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தை இழக்க நேரும். இரண்டையும் தவிர்க்க, அமைப்பு எப்படி இயங்குகிறது என்று அறிந்திருக்க வேண்டும்.

இயங்கும் முறை

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கைக் காரில் பொருத்திக் காட்டினார். அது விற்பனைக்கான காருக்கு வர 1951 வரை ஆயிற்று. அவ்வாண்டு கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது இடம்பெற்றது. மின் மோட்டாரால் இயங்கும் வகையை 1988இல் ஜப்பானில் சுசுகி நிறுவனம் தன் செர்வோ என்னும் சிறிய காரில் கொண்டுவந்தது. இன்று சாலையில் இந்த இரண்டு வகைகளும் உள்ளன. மோட்டாரால் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும் கலப்பு வகையும் சில கார்களில் உண்டு.

எண்ணெய் வகையில், எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. ஸ்டியரிங் தண்டின் அடியில் முறுக்குக் கம்பி ஒன்று உள்ளது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இக்கம்பி சிறிதளவு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கலே ஒரு வால்வைத் திறந்து, எண்ணெயை ரேக்கில் உள்ள பிஸ்டனின் இடப்பக்கத்துக்கோ வலப்பக்கத்துக்கோ அனுப்புகிறது. மற்றது பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். பிஸ்டனின் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர், எண்ணெய் அழுத்தம் 70 பார் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் விசை ஏறத்தாழ 560 கிலோ எடைக்குச் சமம். நின்ற வண்டியின் சக்கரத்தை ஒரு விரலால் திருப்ப முடிவது இதனால்தான்.

மின் வகையிலும் அதே முறுக்குக் கம்பி உண்டு. ஆனால் அங்கே வால்வுக்குப் பதிலாக ஓர் உணர்வி (டார்க் சென்சார்) அந்த முறுக்கலை அளந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. வண்டியின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் தர வேண்டும் என்று அப்பெட்டி முடிவு செய்கிறது. வண்டி மெதுவாகப் போகும்போது உதவி அதிகம், வேகத்தில் குறைவு.

இரு வகையிலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டின் நேரடித் தொடர்பு உண்டு. உதவி நின்றாலும் வண்டியைத் திருப்ப முடியும். ஆனால் கை வலிக்கும். நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் பானட்டைத் திறந்து பாருங்கள். மூடியில் ஸ்டியரிங் சக்கரப் படம் போட்ட சிறிய எண்ணெய் டப்பா இருந்தால் அது எண்ணெய் வகை அல்லது கலப்பு வகை. அப்படி எதுவும் இல்லையென்றால் மின் வகை.

முதல் கருவி: ஒரு நோட்டுப் புத்தகம்

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பேனாவை எடுக்க வேண்டும். கோளாறு வந்த ஒவ்வொரு முறையும் சில விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா? வண்டி நின்றிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா? மழை பெய்ததா? இடப்பக்கம் திருப்பும்போதா, வலப்பக்கமா, இரு பக்கமுமா? ஏ.சி., முகப்பு விளக்கு எரிந்தனவா? சத்தம் ஏதும் வந்ததா? எச்சரிக்கை விளக்கு எரிந்ததா? மெல்ல மெல்லக் கனத்ததா, சட்டென்று கனத்ததா? எஞ்சினை அணைத்துப் போட்டதும் சரியானதா?

ஒரு வாரம் இப்படி எழுதினால் பாதி விடை அந்தப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். "எப்பவாவது வருது சார்" என்று சொல்லும் வாடிக்கையாளரைவிட, "மழையில், முழுதாக ஒடிக்கும்போது மட்டும், கீச்சென்ற சத்தத்தோடு வருகிறது" என்று சொல்பவருக்கு மெக்கானிக் விரைவில் உதவ முடியும். சொல்லப்போனால், இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதுமே அனுபவமுள்ளவர் பெல்ட்டைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

எண்ணெய் வகையில் வரும் கோளாறுகள்

மழையிலோ வண்டியைக் கழுவிய பிறகோ கீச்சுச் சத்தத்தோடு ஸ்டியரிங் கனத்தால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். தளர்ந்த பெல்ட், பளபளவென்று கண்ணாடி போல் ஆகிவிட்ட பெல்ட், எண்ணெய் பட்ட பெல்ட் ஆகிய மூன்றும் வழுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கலாம். பல வண்டிகளில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுங்கினால் சரியான இறுக்கம். உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும். பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

ஐடிலில் கனத்து, ஆக்சிலரேட்டரைச் சிறிது மிதித்து 1500 சுற்றுக்குக் கொண்டுவந்ததும் இலகுவானால் பம்பிலிருந்து போதிய எண்ணெய் வரவில்லை. பெல்ட் நன்றாக இருக்குமானால் பம்பின் உள்தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சூடான பிறகே இது வருமானால் சந்தேகம் வலுக்கிறது. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளிகள் வழியே உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது காலைக் கனம். குளிர்ந்த வண்டியில் முதல் சில நிமிடங்கள் ஸ்டியரிங் கனமாக இருந்து, பிறகு தானாகச் சரியாகும். 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இது மிகப் பரவலாக இருந்ததால், அமெரிக்க மெக்கானிக்குகள் கர்ப்பிணிகளின் மசக்கைக்கு உரிய சொல்லாலேயே இதைக் குறிப்பிட்டனர். அவ்வண்டிகளில் வால்வைச் சுற்றியுள்ள டெஃப்லான் வளையங்கள், அவை உரசும் அலுமினிய உறையில் பள்ளம் விழச் செய்தன. குளிரில் வளையம் விறைத்திருக்கும்போது அப்பள்ளத்தின் வழியே எண்ணெய் கசியும். சூடானதும் வளையம் நெகிழ்ந்து அடைத்துக்கொள்ளும். நம்மூர் வெப்பத்தில் இக்கோளாறு அவ்வளவு கடுமையாக வெளிப்படுவதில்லை. ஆனால் காலைக் கனத்துக்கு வேறு எளிய காரணங்களும் உண்டு. எண்ணெய் டப்பாவின் அடியில் உள்ள வடிகட்டி அடைத்திருக்கலாம். தவறான, கெட்டியான எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கலாம். ரேக்கைக் குறை சொல்வதற்கு முன் இவ்விரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனத்தால் பம்பை மாற்றுவது வீண் செலவு. பம்ப் இரு பக்கத்துக்கும் ஒன்றே. அது பழுதானால் இரு பக்கமும் கனக்க வேண்டும். ஒரு பக்கக் கனம் என்றால் வால்விலோ ரேக்கின் உள் சீலிலோதான் குறை இருக்கும். இந்த ஒரு தர்க்கம் தெரியாமல் பம்பை மாற்றியவர்கள் உண்டு.

அடுத்தது காற்று. எண்ணெயில் காற்றுக் குமிழ்கள் கலந்தால் அழுத்தம் சீராக நிற்காது. ஸ்டியரிங் விட்டுவிட்டு இறுகும், பம்ப் முனகும், டப்பாவில் எண்ணெய் நுரைத்துப் பால் போலத் தெரியும். காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டப்பாவிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாய் உறிஞ்சும் பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே அழுத்தம் குறைவாக இருக்கும். அதன் கிளிப் தளர்ந்திருந்தாலோ ஓ-ரிங் வெடித்திருந்தாலோ எண்ணெய் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு துளி எண்ணெய்கூட இல்லையே என்று நாம் நிம்மதியாக இருப்போம். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது டப்பாவில் எண்ணெய் மட்டத்தைக் குறித்துக்கொண்டு எஞ்சினை நிறுத்த வேண்டும். மட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்தத்தில் சுருங்கியிருந்த குமிழ்கள் அழுத்தம் நீங்கியதும் விரிவதால் மட்டம் எழுகிறது.

காற்றை வெளியேற்றுவது கடினமல்ல, பொறுமை வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்துத் தாங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக்கூடாது. எஞ்சினை இயக்காமல், டப்பாவில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை திருப்ப வேண்டும். குமிழ் வருவது நின்ற பிறகு எஞ்சினை இயக்கி மறுபடியும் சில முறை திருப்ப வேண்டும். எஞ்சின் ஓடும்போது கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்கக்கூடாது. அங்கே பம்ப் முழு அழுத்தத்தில் திணறி எண்ணெயைச் சூடாக்கும். இந்த விதி அன்றாட ஓட்டத்துக்கும் பொருந்தும். முதலில் எஞ்சினை இயக்கிவிட்டுத் திருப்பினால் காற்று நுரையாகக் கலந்துவிடும். அதன்பின் அது பிரிய மணிக்கணக்கில் ஆகும்.

பழைய வண்டிகளில் குழாயின் உள்பக்க ரப்பர் பிரிந்து, கதவு போல ஆடிக்கொண்டிருப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதிது போலவே தெரியும். உள்ளே அந்தத் தோல் சில நேரம் வழியை மறைக்கும், சில நேரம் விலகும். எண்ணெய் கறுத்து, அதில் ரப்பர்த் துகள்கள் மிதந்தால் இதைச் சந்தேகிக்கலாம். அதே துகள்கள் பம்பில் உள்ள அளவுக் கட்டுப்பாட்டு வால்வில் சிக்கினாலும் அது விட்டுவிட்டு ஒட்டிக்கொள்ளும்.

பம்பா, ரேக்கா என்று தீர்மானிக்க உறுதியான வழி அழுத்தமானி. பம்புக்கும் ரேக்குக்கும் இடையே, மூடித் திறக்கும் வால்வுடன் கூடிய மானியைப் பொருத்துவார்கள். எஞ்சின் ஓடும்போது வால்வை ஐந்து நொடிக்கு மிகாமல் மூடினால், பம்ப் தன்னால் இயன்ற முழு அழுத்தத்தையும் காட்டும். கையேட்டில் உள்ள அளவு வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, ரேக்கில் கசிவு. வராவிட்டால் பம்பிலேயே குறை. இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம், கருவி உள்ள பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவைத் தேடக் கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். சில வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு எண்ணெய், சிலவற்றுக்குத் தனி ஸ்டியரிங் எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டு. அது டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுவது பெரும் பிழை. அது இவ்வமைப்பின் ரப்பர் சீல்களை ஊதிப்போகச் செய்து கெடுத்துவிடும். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ரேக்கையே மாற்ற நேரும். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவங்களும் சீலைச் சற்று உப்பச் செய்து கொஞ்ச நாள் தள்ளிப்போடுமே தவிர, தேய்ந்த சீலைப் புதிதாக்காது.

மின் வகையில் வரும் கோளாறுகள்

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் மின் வகையே இருப்பதால், மாணவர்கள் இப்பகுதியைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும். பள்ளியில் படித்த ஓமின் விதி இங்கே பணத்தை மிச்சப்படுத்தும்.

முதலில், கோளாறு அல்லாத ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். குறுகிய இடத்தில் வண்டியை நிறுத்த முன்னும் பின்னும் பலமுறை ஒடித்தால் மோட்டார் சூடாகும். கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரைக் காக்க உதவியைப் படிப்படியாகக் குறைக்கும். சற்று ஆறவிட்டால் பழைய நிலைக்கு வரும். மெல்ல மெல்லக் கனத்தால் சூட்டுப் பாதுகாப்பு. சட்டென்று கனத்து, எச்சரிக்கை விளக்கும் எரிந்தால் மின்கோளாறு. அந்த விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் விளக்கே கெட்டிருக்கிறது. அதை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இம்மோட்டார் 50 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். நேர் ஓட்டத்தில் மிகக் குறைவாகவே இழுக்கும். பேட்டரி டெர்மினலிலோ எர்த் ஒயரிலோ துருவால் 0.04 ஓம் மின்தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். 2 ஆம்பியர் ஓடும்போது இழப்பு 0.08 வோல்ட்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். 50 ஆம்பியர் ஓடும்போது இழப்பு 2 வோல்ட். அந்த ஒரு புள்ளியில் மட்டும் 100 வாட் வெப்பம் பிறக்கும். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கிடைப்பது 10. மின்னழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் பெட்டி உதவியை நிறுத்திவிடும். ஓட்டுநர் கையை எடுத்ததும் மின்னோட்டம் குறையும், மின்னழுத்தம் ஏறும், எல்லாம் சரியாகிவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது குறை எதுவும் தெரியாது. இக்கோளாறு விட்டுவிட்டு வருவதன் இரகசியம் இவ்வளவுதான்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே பல மலிவு மீட்டர்கள் 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். அதில் 0.04 எங்கே தெரியப்போகிறது? பத்து இழைகளில் ஒன்பது அறுந்த ஒயரும் ஓம் அளவில் நல்ல ஒயராகவே தோன்றும். எனவே மின்னோட்டம் ஓடும்போதே அளக்க வேண்டும். இதற்கு மின்னழுத்த இழப்புச் சோதனை என்று பெயர்.

மீட்டரை நேர்மின் வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனைக் கட்டையிலேயே வைக்க வேண்டும். அதன்மேல் உள்ள கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை ஸ்டியரிங் பெட்டியின் எர்த் இணைக்கப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும். எஞ்சினை இயக்கி, ஒருவர் நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். வண்டி கியரில் இல்லாமல், கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் எர்த்தில் குறை உறுதி. பிறகு சிவப்பு முனையைக் கட்டையிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து ஒயரின் மறுமுனைக்கு, அங்கிருந்து பாடிக்கு என்று ஒவ்வொரு படியாக நகர்த்த வேண்டும். அளவு எந்தப் படியில் தாவுகிறதோ அந்த இணைப்பே குற்றவாளி. இதே போல நேர்முனையிலிருந்து ஃபியூஸ் வழியாகப் பெட்டிவரை உள்ள கனத்த ஒயரையும் சோதிக்க வேண்டும்.

என்னுடைய பத்து வயதுக் காரில் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு இக்கோளாறு வந்தது. தெருமுனையில் திரும்பும்போது விளக்கு எரியும், ஸ்டியரிங் இறுகும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஒரு பட்டறையில் மீட்டரைக் கையில் எடுக்காமலேயே, ஸ்டியரிங் காலம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று முப்பதாயிரத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். ஓய்வூதியக்காரனுக்கு அது சிறிய தொகை அல்ல. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் போனேன். மேலே சொன்ன சோதனையில் எர்த் பக்கம் 1.4 வோல்ட் காட்டியது. பேட்டரித் தட்டுக்குக் கீழே, எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புதிய போல்ட் போட்டு முறுக்கினார். மீட்டர் 0.1க்கு இறங்கியது. "சார், வகுப்புல ஓம் விதியைப் பத்து தடவை எழுதச் சொன்னீங்களே, நினைவிருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இணைப்பைச் சுத்தம் செய்யும்போது முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும், கடைசியில் அதையே மாட்ட வேண்டும். உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம்.

பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஏ.சி.யையும் முகப்பு விளக்கையும் போட்டுவிட்டு ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இது 12க்குக் கீழே சரிந்தால், ஸ்டியரிங்கில் அல்ல, மின்சாரம் தரும் இடத்தில்தான் குறை.

மின்சாரம் சரியாக இருந்தால்தான் ஸ்கேனருக்கு வேலை. கோளாறுக் குறியீடுகளைப் படித்து எழுதிக்கொண்ட பிறகே அழிக்க வேண்டும். முதலில் அழித்துவிட்டுப் பிறகு தேடுவது தடயத்தைக் கழுவிவிட்டுத் திருடனைத் தேடுவது போலாகும். குறியீடு எந்தச் சுற்றில் குறை என்று சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. டார்க் சென்சார் குறியீடு வந்தால், சென்சார், அதன் ஒயர், கனெக்டர் ஆகிய மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். இந்தச் சென்சார் ஒரே செய்தியை இரண்டு தனித்தனிச் சமிக்ஞைகளாக அனுப்புகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டி எதையும் நம்பாமல் உதவியை நிறுத்திவிடும். ஸ்கேனரில் அந்த அளவுகளைப் பார்த்துக்கொண்டே கனெக்டரையும் ஒயரையும் மெதுவாக அசைத்தால், எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கே குறை. வேகச் சமிக்ஞை, எஞ்சின் சுற்றுச் சமிக்ஞை விட்டுப்போனாலும் சில வண்டிகளில் உதவி நிற்கும். அப்போது வேகமானியும் துள்ளுகிறதா என்று கவனிக்கலாம்.

ஸ்டியரிங் காலத்தின் அருகே மஞ்சள் நிற உறையுள்ள ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடக்கூடாது, மீட்டர் முனையை அவற்றில் வைத்துச் சோதிக்கவும் கூடாது.

பவர் ஸ்டியரிங் மேல் விழும் வீண்பழி

சில நேரம் பவர் ஸ்டியரிங் நன்றாகவே இருக்கும், வேறு ஏதோ இறுகும். காற்றுக் குறைந்த டயர் முதல் சந்தேகம். அதைச் சோதிக்காமல் வேறெதையும் சோதிப்பது வீண் வேலை.

ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது இரண்டு இடங்களில் மட்டும், அதுவும் அரைச் சுற்று இடைவெளியில் ஒரே இடத்தில் இறுகினால், தண்டில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது. மழைநீர் தெறிக்கும் இடத்தில் அது இருப்பதால் இது அடிக்கடி நேர்வது. திருப்பிவிட்ட ஸ்டியரிங் வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வராமல் அங்கேயே நின்றால், முன் சஸ்பென்ஷனின் மேல் பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ பார்க்க வேண்டும். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் திருப்பினால் இவை எளிதில் அகப்படும். எதிர்ப்பு சீராக இருக்க வேண்டும். எங்கேனும் பிடித்து விட்டால் அங்கே இயந்திரக் குறை.

தயாரிப்பிலேயே வந்த குறைகள்

எல்லாக் குறையும் பராமரிப்பால் வருவதல்ல. 2010 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ், செவ்ரோலே கோபால்ட், பான்டியாக் ஜி5 உள்ளிட்ட ஏறத்தாழ 13 லட்சம் கார்களை வட அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. அவற்றின் பவர் ஸ்டியரிங் மோட்டார் ஓட்டத்தின்போது உதவியை இழக்கக்கூடும் என்பது காரணம். 2014இல் மேலும் பல மாதிரிகளுக்கு அது விரிந்தது. 2015இல் ஃபோர்டு நிறுவனம் 4 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது சொன்ன காரணம், ஸ்டியரிங் கியரில் விட்டுவிட்டு நேரும் மின்தொடர்புக் குறை. பட்டறைகளில் பலமுறை "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட உரிமையாளர்கள் சொன்னது பொய்யல்ல என்பதற்கு இவை சான்று.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்துள்ளது. உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி, திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்கலாம். இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. பெரிய பாகத்தை மாற்றச் சம்மதிக்கும் முன் இக்கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

ஓட்டும்போது சட்டென்று கனத்தால்

இரு கைகளாலும் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். வண்டி திரும்பும், ஆனால் அதிக பலம் வேண்டும். வேகம் குறையக் குறைய ஸ்டியரிங் இன்னும் கனக்கும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் திடுக்கிடக் கூடாது. சிக்னல் போட்டு இடப்புறம் ஒதுங்கி நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை அணைத்துப் போட்டால் சரியாகும் என்று முயலவே கூடாது. பிரேக்கின் உதவியும் போய்விடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

வண்டி நின்ற பின் அணைத்து மறுபடி இயக்கிச் சரியானாலும், அதைக் குணமாகக் கருதி நெடுந்தூரப் பயணத்தைத் தொடர வேண்டாம். வெப்பம், நுரை, எண்ணெய் மட்டம், பேட்டரி டெர்மினல் ஆகியவற்றை அங்கேயே பார்த்துவிட்டு, மெதுவாக அருகிலுள்ள பட்டறைக்குச் செல்லலாம்.

பழுதுபார்த்த பின்

மின் வகையில் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் ஒருமுறை மெதுவாகத் திருப்பினால் பெட்டி நடுநிலையை மறுபடி கற்றுக்கொள்ளும். டார்க் சென்சாரையோ காலத்தையோ மாற்றியிருந்தால் ஸ்கேனர் மூலம் பூச்சிய அளவைப் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

எண்ணெய் வகையில் ஒரு வாரம் கழித்து எண்ணெய் மட்டத்தையும் பெல்ட் இறுக்கத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும். புதிய பெல்ட் முதல் சில நாட்களில் சற்றுத் தளரும்.

எந்த வகையானாலும், நோட்டில் குறித்து வைத்த அதே சூழலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலையில் வந்த கோளாறைக் காலையிலும், மழையில் வந்ததை மழையிலும், ஏ.சி. போட்டபோது வந்ததை ஏ.சி. போட்டும் சோதிக்க வேண்டும். பட்டறை வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்தால், அடுத்த வாரம் அதே வாசலில் மறுபடி நிற்க நேரும்.